பட்டறை வாசலில் காரை நிறுத்தினேன்

வாகனப் பரிசோதனை நிலையத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் தாளை என் பக்கம் தள்ளினாள். அதில் ஒரு சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. ‘காகல்’. மலாயில் அதற்குத் தோல்வி என்று அர்த்தம்.

ஏர்கோன் குளிரில் என் விரல்நுனிகள் விறைத்துப் போயிருந்தன. பின்வரிசையில் லோரி ஓட்டுநர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க டீசல் வாடை. அதற்கு நடுவே யாரோ பொட்டலம் கட்டி வந்திருந்த நாசி லெமாக் சோற்றின் சம்பல் வாசனை. பசியாறாமல் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தாளை வாங்கிக்கொண்டு நகர்வதுதான் அங்கே வழக்கம். நான் நகரவில்லை.

“சோதிச்சவர்கிட்ட பேசணும்” என்று மலாயில் சொன்னேன்.

“காரணம் அதுலேயே எழுதியிருக்கு, மக்சிக்.” ஆன்டி என்பதற்கு மலாயில் சொல்வது அது.

“படிச்சிட்டேன். அவர் வாயால சொல்லணும்.”

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் என் இளமை முழுக்கக் கழிந்தது. ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கிடைத்த தொகையில் சின்னதாக ஒரு வெள்ளிநிறக் கார் வாங்கி, கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றத் தொடங்கினேன். அப்படி ஆள் ஏற்றும் காருக்குக் கொஞ்சம் வயதானதும், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். தேறினால் பிழைப்பு. தேறாவிட்டால் கார் வீட்டு வாசலில், நான் வீட்டுக்குள்.

சோதித்தவர் வந்தார். நீலச் சட்டை, கையில் டார்ச், மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்.

“பின்னாடி ரெண்டு பிரேக்கும் ஒரே மாதிரி பிடிக்கல, மக்சிக். இடது பக்கம் ரொம்பக் குறைவு.”

“போன வாரம்தான் ரெண்டு பக்கமும் புதுசு போட்டேன். உங்க மெஷின்தான் கோளாறு.”

அவர் என்னோடு வாதாடவில்லை. “வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கார் வெயிலில் நின்றது. இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரின் உட்பக்கமாக டார்ச் அடித்தார். நானும் குந்தினேன். டயரின் உள்சுவரில் கறுப்பாக ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது.

“தண்ணி இல்ல. பிரேக் எண்ணெய்” என்றார். “சரி பண்ணிட்டு, தாள்ல இருக்கிற தேதிக்குள்ள கொண்டு வாங்க. தேறாததை மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க.”

தண்ணீர் ஊற்றிப் பார்த்த காலம்

அந்த இளைஞர்மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் தோல்வி எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள்.

தொழிற்சாலையில் என் வேலை கையுறைகளைச் சோதிப்பது. வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றுவோம். கையுறை மாட்டு மடிபோல உப்பித் தொங்கும். விரலிடுக்கில் ஒரு சொட்டு பனித்தாலும் போதும், அந்தக் குவியலே திரும்பிப் போகும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் கையில் ரப்பர் வாடை போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதுதான்.

ஒருமுறை ஒரு பெரிய குவியலுக்குத் தோல்வி போட்டேன். சூப்பர்வைசர் வந்து என் தோளருகே நின்றார்.

“விஜயா, இது இன்னிக்குக் கப்பல் ஏறணும். பெரும்பாலும் நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கு சார். ஆனா ஓட்டையானது எந்த நர்ஸ் கைக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

மறுநாள் என்னைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். போனேன். பெட்டி கட்டினேன். போட்ட கையெழுத்தை மாற்றச் சொல்லி எத்தனை பேர் வந்தாலும் மாற்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். தோல்வி என்று எழுதுகிறவன் எல்லாம் எதிரி இல்லை. அன்றைக்கு என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் பாலாவின் பக்கம்.

மெஷின் அப்படித்தான்

கார் நிறுத்துமிடத்திலிருந்தே முதலில் புவனாவுக்குப் போன் போட்டேன். காப்பாரில் இருக்கும் பெண். முப்பதைத் தாண்டி அதிகமாகவில்லை. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டதால், வாரத்தில் பாதி நாள் கிள்ளான் டயாலிசிஸ் மையத்தில்தான் அவளுக்குக் காலை விடியும். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான். வழி முழுக்க மணப்பெண்களின் மாமியார்களைப்போலப் பேசிக்காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள்.

“நாளைக்கு உன்னை ஏத்த முடியாதும்மா. காடி இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயிலாயிடுச்சு. ரொக்கியா வருவா.”

ரொக்கியா என்னைப்போலவே கார் ஓட்டும் மலாய்க்காரத் தோழி. புவனா சரியென்றாள். அவளுக்குப் பின்னணியில் யாரோ ஹேர் டிரையரைப் போட்டிருந்தார்கள்.

அங்கிருந்து இடது ஓரமாக, நடக்கிற வேகத்தில், பின்னால் லோரிகள் ஹார்ன் அடித்துத் திட்ட, பாலாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். பாலா என் தம்பி குணாவின் பள்ளித் தோழன். போன வாரம் பின் பிரேக் இரண்டும் மாற்றியதாகச் சொன்னவன் அவன்தான்.

தாளைக் காட்டினேன். சிரித்தான்.

“அக்கா, மெஷின் அப்படித்தான் லா. காலையில ஒண்ணு சொல்லும், மத்தியானம் ஒண்ணு சொல்லும்.”

“சக்கரத்தைக் கழட்டு.”

“கழட்டவே வேணாம்கா. திரும்பப் போற அன்னிக்கு முதல்ல இங்க வாங்க. ஸ்ப்ரே அடிச்சு, மணல்தாள் போட்டுத் தேய்ச்சு விடுறேன். மெஷின்ல சும்மா கவ்வும். பாஸ் ஆயிடும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்னக்கா? அடுத்த வருஷம்தானே!”

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. உதவி செய்கிற முகம் அது. அதுதான் என்னை எரியவைத்தது.

“இடது பக்கம் புது பிரேக் லைனிங் போட்டியா, இல்லையா?”

“போட்டேன்கா. குணாவோட அக்காவுக்குப் போடாம இருப்பேனா?”

“அப்ப கழட்டிக் காட்டு.”

“இப்ப நேரமில்லக்கா. பாருங்க, எத்தனை காடி நிக்குது.”

நான் காரில் ஏறினேன். போகிறேன் என்று நினைத்து, அவன் கையைத் துடைத்துக்கொண்டு வேறு காரின் பானெட்டைத் திறந்தான். நான் பின்னுக்கு எடுத்து, ஒடித்து, பட்டறை வாசலின் குறுக்கே காரை நிறுத்தினேன். உள்ளே இருப்பது வெளியே போக முடியாது. வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இஞ்சினை அணைத்து, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு இறங்கினேன்.

“என்னக்கா பண்றீங்க?”

“நிறுத்தியிருக்கேன். தேறாத காடி, தம்பி. ரோட்டுல ஓட்டக் கூடாது.”

மேடு

அங்கே ஒரு பழைய டயர் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். வெயில் தகர ஓட்டில் இறங்கி, தரையிலிருந்த எண்ணெய்க் கறையெல்லாம் ஆவியாகி மூக்கில் ஏறியது.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஓட்டுநர் தேர்வு நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் கார் பழகிய எல்லோருக்கும் அந்த மேடு தெரியும். ஏற்றத்தின் நடுவில் காரை நிறுத்தி, பின்னால் சரியாமல் மறுபடி கிளப்ப வேண்டும். முதல் தடவை என் கார் சரிந்தது. அதிகாரி இறங்கச் சொல்லிவிட்டார். கணவர் இருந்த காலம் அது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, “உனக்கெதுக்கு இந்த வேலை? போகணும்னா நான் ஏத்திட்டுப் போறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் ஏற்றிப் போவதென்றால் அவர் நினைத்த இடத்துக்கு, அவர் நினைத்த நேரத்துக்கு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி போனேன். மேட்டின் நடுவில் கார் சுவரில் ஆணியடித்த படம்போல நின்றது. கீழே வரிசையில் காத்திருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளப்பினேன்.

குணா வந்தான்

பாலா என்னிடம் இரண்டு தடவை கெஞ்சினான், ஒரு தடவை கத்தினான். பிறகு குணாவுக்குப் போன் போட்டான்.

குணாவுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை. நான் கார் ஓட்டுவது அவனுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், “அக்கா சும்மா பொழுதுபோக்குக்கு ஓட்டுறாங்க” என்பான். பொழுதுபோக்குக்கு யாராவது விடியலில் எழுந்து காப்பாருக்குப் போவார்களா?

கழுத்தில் அலுவலக அட்டையோடு வந்து இறங்கினான்.

“அக்கா, மானத்தை வாங்காத. ஸ்கூல்ல இருந்து பழக்கம் அவன்.”

“பழக்கம்னா ஒரு பக்கம் பிரேக் போதுமா?”

“அவன் போட்டேங்கிறான் இல்ல?”

“போட்டிருந்தா கழட்டிக் காட்டட்டும். இங்கேயே, இத்தனை பேர் முன்னாடி, மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்.”

அதற்குள் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட வேனின் சொந்தக்காரர், சீனர், இறங்கி வந்தார். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பாலாவிடம் மலாயில் சொன்னார்: “திறந்து காட்டு லா பாஸ். வேலை முடிஞ்சுது. நானும் வீட்டுக்குப் போகலாம்.”

வேறு வழியில்லாமல் பாலா ஜாக்கியை எடுத்து வந்தான்.

வலது பக்கத்தை முதலில் கழற்றினான். புது லைனிங், சாம்பல் நிறத்தில், எழுத்துகூட அழியாமல். “பார்த்தீங்களா?” என்றான் குணா. நான் இடது சக்கரத்தைக் காட்டினேன்.

இடது பக்கத்துப் பிரேக் டிரம் லேசில் வரவில்லை. சுத்தியலால் சுற்றிலும் தட்டினான். திடீரென்று கழன்று கையோடு வந்தது. உள்ளே எல்லாம் கறுப்புச் சேறு. பிரேக் தூளும் எண்ணெயும் குழைந்து, களிபோல ஒட்டியிருந்தது. லைனிங் தேய்ந்து, அடியிலிருந்த இரும்பைத் தொட்டுவிடும் நிலையில் இருந்தது. பழையது. அப்பட்டமாகப் பழையது.

பாலா தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“பிரேக் பம்பு லீக்கா இருந்துச்சுக்கா. புது லைனிங் போட்டா அதுவும் நனைஞ்சிடும். பம்பு கைவசம் இல்ல. வந்ததும் ரெண்டையும் போட்டுக்கலாம்னு... உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

“பம்பு வந்துச்சா?”

“ஆர்டர் பண்ணணும்.”

குணா குனிந்து அந்தச் சேற்றை ஒரு விரலால் தொட்டான். முகர்ந்து பார்த்தான். பிறகு அவன் குரல் நான் கேட்டறியாத மாதிரி, ரொம்பத் தாழ்வாக வந்தது.

“சனிக்கிழமை ஆனா என் மக டான்ஸ் கிளாஸுக்கு இந்தக் காடியிலதான்டா போறா.”

குணா போய் உதிரிபாகக் கடையில் பம்பையும் லைனிங்கையும் அவனே வாங்கி வந்தான். அலுவலக அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டே இருந்தது.

வேலை முடியும்வரை நான் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே நின்றேன். பம்பு மாற்றுவதைப் பார்த்தேன். இடது பக்கமும் புது லைனிங் ஏறுவதைப் பார்த்தேன். குழாயிலிருந்த காற்று வெளியேறும்வரை பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும் என்றபோது, நானே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். முதலில் பஞ்சில் கால் வைத்ததுபோல இருந்தது. மெல்ல மெல்லக் கல்லாகியது. கழற்றிய பழைய சாமான்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரச் சொன்னேன்.

“அது எதுக்குக்கா?”

“வேற யார் காடிக்கும் போயிடக் கூடாது. கட்டு.”

கிளம்பும்போது குணா ஜன்னலருகே குனிந்தான்.

“இதோட போதும்கா. காடியை வித்துடு.”

“இப்பதான் பிரேக் நல்லாயிருக்கு. இப்ப எதுக்கு விக்கணும்?”

“சரி, அந்தக் காப்பார் பொண்ணுகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. கம்ப்ளேன் பண்ணுவா. வழக்கமா வர்ற ஒரு கஸ்டமரும் போயிடும்.”

சொன்னேன்

வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புவனாவைக் கூப்பிட்டேன்.

“ஃபெயிலானது பிரேக்கும்மா. இடது பக்கம் எண்ணெய் ஒழுகியிருக்கு. எனக்குத் தெரியாது. தெரியாமலே உன்னை அதுல ஏத்திட்டுப் போயிருக்கேன். வேற யாராவது சொல்லி உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு தோணுச்சு.”

வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவள், கேள்விதான் கேட்டாள்.

“எவ்வளவு நாளா, ஆன்டி?”

“சரியாத் தெரியல. கொஞ்ச நாளாவே இருந்திருக்கும்.”

“ரத்தம் சுத்தம் பண்ணப் போற வழியில செத்திருப்பேன்” என்றாள். சிரித்துவிட்டுச் சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா, எனக்குப் புரியவில்லை. “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. ரொக்கியாவிடம் கேட்டேன். “ஏறுறா, இறங்குறா, காதில இயர்போன்” என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அந்த நாட்களில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வருத்தம் இருந்தது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

மறுபடியும் அந்தக் கூடம்

மறுபரிசோதனைக்கு நேரம் பதிந்து போனேன். கார் உருளைகளின்மேல் ஏறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்ப்ரே இல்லை, மணல்தாள் இல்லை. கையில் இந்தத் தடவை ஒரு ரொட்டி சானாய் பொட்டலம், நின்றுகொண்டே தின்றேன். தாளில் ‘லுலுஸ்’ என்று வந்தது. தேறிவிட்டது.

வெளியே வரிசையில் ஒரு பள்ளி வேன்காரர் தோல்வித் தாளை மடித்து, மறைக்கிற மாதிரிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். நம் ஆள்தான். “அண்ணே, என்னாச்சு?” என்றேன்.

“விடுங்க அக்கா. யாராச்சும் ஆள் பிடிச்சு செட்டல் பண்ணிக்கலாம்.”

“எதுல ஃபெயில்னு கேட்டீங்களா?”

“டயருன்னு போட்டிருக்கு.”

“எந்த டயரு? உள்ள போய்க் காட்டச் சொல்லுங்க. அதை மாத்துங்க. மாத்தும்போது பக்கத்துல நில்லுங்க. வாடகை டயர் மாட்டி பாஸாகிட்டு, நாளைக்குக் கழட்டிட்டுப் பிள்ளைங்களை ஏத்தாதீங்க.”

முறைத்தார். உனக்கென்ன என்று கேட்கிற முறைப்பு. நானும் முறைத்தேன். கடைசியில் தாளை வெளியே எடுத்துப் பிரித்துப் படித்தபடி உள்ளே போனார். மாற்றினாரா, தெரியாது.

இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கார் தேறவில்லை என்றால் அவமானப்பட்டுக்கொண்டு தலை குனிந்து வெளியே வராதீர்கள். தேறாதது கார். நீங்கள் இல்லை. காட்டச் சொல்லிக் கேட்பதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

காப்பார் சாலை

அன்று மாலை புவனாவுக்கு ஒரே வரி அனுப்பினேன். கார் தேறிவிட்டது, வேண்டுமானால் வருகிறேன் என்று. ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை பதில் இல்லை. பாத்திரம் கழுவும்போது போன் அதிர்ந்தது.

‘காலையில வாங்க.’

போனேன். வாசலிலேயே நின்றிருந்தாள். பின்கதவைத் திறக்காமல் முன்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலைக்கு வந்தோம். மழை பெய்து ஓய்ந்து தார் காய்ந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லை.

“ஆன்டி, இங்க யாரும் வரல. பிரேக் போட்டுக் காட்டுங்க.”

“இப்பவா?”

“இப்பதான். மெஷினுக்கு மட்டும் காட்டினா போதுமா? உள்ள உட்கார்ந்து போறது நான்.”

நியாயம்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வேகம் எடுத்தேன். “பிடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

கார் மூக்கைத் தாழ்த்தி, கோடு கிழித்ததுபோல நேராக நின்றது. இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியது. அவள் கைப்பையிலிருந்து பவுடர் டப்பா உருண்டு காலடியில் விழுந்து திறந்துகொண்டது. காரெல்லாம் ரோஸ் வாசனை.

புவனா தன் மடியைப் பார்த்தாள். ரோஸ் தூள் படிந்த என் செருப்பைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன கையால் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“இன்னொரு தடவ, ஆன்டி.”

“டயாலிசிஸுக்கு லேட்டாகும்மா.”

“ஆகட்டும். இன்னொரு தடவ.”

மறுபடி வேகம் எடுக்க, நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.